டமியாவின் 1/24 வொக்ஸ்வாகன் 1300 பீட்டில்: கொழும்பின் ஈரக்காற்றில் கட்டி முடித்த கார்

டமியா நிறுவனத்தின் 1/24 அளவிலான வொக்ஸ்வாகன் 1300 பீட்டில் பிளாஸ்டிக் மாதிரிக் காரை, பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டி, வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் வைத்து, சனி ஞாயிறு தினங்களில் மட்டும் வேலை செய்து, ஏறத்தாழ நான்கு மாதங்களில் கட்டி முடித்தேன். பெட்டிக்குள் இருந்தவற்றைப் பற்றி எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தில் இதற்கு இணையானதை நான் இதுவரை கட்டிய கார்களில் கண்டதில்லை. ஆனால் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தில் எழுதப்பட்ட செய்முறைத் தாளைக் கடலிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், வருடத்தின் பெரும்பகுதி ஈரம் ஊறிக் கிடக்கும் ஒரு வீட்டில் விரித்து வைத்து வேலை செய்யும்போது, அதில் எதை அப்படியே பின்பற்றலாம், எதை நமக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்த மதிப்புரையை நான் எழுதுவதற்கு அதுவே காரணம்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது 1966ஆம் ஆண்டின் 1300 வகை. 1285 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள, காற்றினால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின் பின்பக்கத்தில் இருக்கும். பயணப் பெட்டிகள் வைக்கும் இடம் முன்பக்கத்தில் இருக்கும். சாய்ந்த கண்ணாடி மூடிய முன்விளக்குகள் அந்தக் காலத்துப் பீட்டிலின் முகத்தைத் தீர்மானித்தவை; அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவை நிமிர்ந்த விளக்குகளாக மாறிவிட்டன. மெக்சிக்கோவின் புவெப்லா தொழிற்சாலையில் 2003 ஜூலை 30ஆம் திகதி கடைசிக் கார் வெளிவரும் வரை உலகமெங்கும் 2 கோடியே 15 இலட்சத்துக்கும் அதிகமான பீட்டில்கள் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்று என் பெரியப்பாவிடம் இருந்தது. 1971இல் அவர் அதை இரண்டாம் கையாக வாங்கினார். கொட்டாஞ்சேனையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அந்தக் காரின் பின் ஆசனத்தில் படுத்துக்கொண்டு போன பயணங்கள் எனக்கு இன்றும் எஞ்சினின் சத்தத்தோடுதான் நினைவுக்கு வருகின்றன. வாங்குவதற்கு எத்தனையோ அழகான ஓட்டப்பந்தயக் கார்கள் இருக்க, இந்தப் பெட்டியை நான் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

1/24 என்றால் உண்மையான காரின் 24 மில்லிமீற்றர் மாதிரியில் ஒரு மில்லிமீற்றர் ஆகிறது. உண்மையான பீட்டிலின் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைப்பட்ட தூரம் 2.4 மீற்றர் என்பதால், மாதிரியில் அது சரியாக 100 மில்லிமீற்றர் வர வேண்டும். அடித்தளத்தை ஒட்டி முடித்த அன்று அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன்; 100ஐ ஒட்டியே நின்றது. மாதிரிக் கார் கட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு எப்போதும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் கதவுக்கும் உடலுக்கும் நடுவே உண்மையான காரில் 4 மில்லிமீற்றராக இருக்கும் இடைவெளி இங்கே 0.17 மில்லிமீற்றர் மட்டுமே. பெயின்ட்டை ஒரு தடவை தடிப்பாக அடித்துவிட்டால் அந்தக் கோடு நிரம்பிவிடும். கதவு இருந்த இடத்தில் வெறும் தகடு போன்ற ஒரு பரப்பே மிஞ்சும்.

டமியா நிறுவனம் அளவுகளில் காட்டும் பிடிவாதத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1970களில் 1/12 அளவில் போர்ஷே 934 காரைச் செய்வதற்காக, உண்மையான போர்ஷே 911 ஒன்றையே விலை கொடுத்து வாங்கி, அதைப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தப் பிடிவாதம் இந்தப் பீட்டிலின் கூரை வளைவிலும் தெரிகிறது. பீட்டிலின் உடலில் நேர்கோடு என்று சொல்லத்தக்கது அரிது. கூரையிலிருந்து பின் மூடி வரை இறங்கும் அந்த ஒற்றை வளைவு ஒரு இழை பிசகினாலும் கார் வேறு ஏதோ ஆகிவிடும். உடலைக் கையில் எடுத்து யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, இன்னும் ஒரு பாகம்கூட ஒட்டாத அந்த வெறும் பிளாஸ்டிக் கூடே எனக்குப் பெரியப்பாவின் காராகத் தெரிந்தது.

வாங்கிய அனுபவம் இனிமையானது அல்ல. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து தபாலில் தருவித்தேன். கட்டணமும் வரியும் சேர்ந்து காரின் விலையை எட்டிப் பிடித்தன, அதை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது, பொதியின் ஒரு மூலை உள்வாங்கி நசுங்கியிருந்ததும், கண்ணாடிப் பாகங்கள் இருந்த உறை கிழிந்து முன் கண்ணாடியில் குறுக்காக ஒரு கீறல் விழுந்திருந்ததும்தான். படங்களுடன் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. அந்தக் கீறலை 2000ஆம் இலக்கத் தேய்ப்புத் தாளால் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்த்து, பிறகு பருத்தித் துணியில் பற்பசை வைத்து ஒரு மாலை முழுதும் மினுக்கி நீக்கினேன். நன்றாகவே வந்தது. ஆனாலும் புதிதாக வாங்கிய பொருளில் முதல் வேலை பழுது பார்ப்பதாக இருந்திருக்கக் கூடாது.

கட்டத் தொடங்கினால் பாகங்கள் தாமாகவே இடம் தேடிப் போகின்றன என்று சொல்ல வேண்டும். அடித்தளமும் முன் அச்சும் பின் அச்சும் எந்த இடத்திலும் அரத்தைத் தேட வைக்கவில்லை. ஒட்டுவதற்கு டமியாவின் பச்சை மூடியுள்ள மெல்லிய பசையைப் பயன்படுத்தினேன். 40 மில்லிலீற்றர் போத்தல். மூடியிலேயே தூரிகை பொருத்தியிருக்கும். இரண்டு பாகங்களை முதலில் சேர்த்துப் பிடித்து, இணைப்பின் ஓரத்தில் தூரிகை நுனியால் ஒரு துளியைத் தொட்டால் போதும். தண்ணீர் துணியில் ஏறுவது போல பசை அந்த இடுக்கில் தானே ஓடிப் போய், பிளாஸ்டிக்கை இளக்கி, இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. காய்ந்த பிறகு அது ஒட்டிய இடமாக இருப்பதில்லை, உருகிச் சேர்ந்த இடமாகவே இருக்கிறது. சாதாரண சுப்பர் குளூவைக் கண்ணாடிப் பாகங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம் என்று மட்டும் புதியவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். அதன் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் வெண்படலமாகப் படியும். காற்றில் ஈரம் கூடக் கூட சுப்பர் குளூ விரைந்து இறுகும் என்பதால், வெள்ளவத்தையில் அது நினைப்பதற்கு முன்பே பிடித்துக்கொள்கிறது.

பாகங்களை வார்த்தெடுத்த அச்சின் இரு பாதிகள் சந்தித்த இடத்தில் மட்கார்ட் வளைவுகளின் மேல் மயிரிழை போன்ற ஒரு கோடு இருக்கிறது. விரல் நுனிக்குத்தான் அது முதலில் தட்டுப்படும்; கண்ணுக்குப் பெயின்ட் அடித்த பிறகுதான் தெரியும், அப்போது காலம் கடந்திருக்கும். கராஜ்களில் வோட்டர் பேப்பர் என்று சொல்லும் தாளில் 800இலும் பிறகு 1200இலும் தண்ணீர் தொட்டுத் தேய்த்து அதை நீக்கினேன்.

பெயின்ட் விடயத்தில்தான் செய்முறைத் தாளும் கொழும்பும் பிரிகின்றன. உடலுக்கு டமியாவின் ஸ்பிரே டின்களை அடிக்கச் சொல்கிறது தாள். அழுத்தமேற்றிய, தீப்பிடிக்கக்கூடிய அந்த டின்களை விமானத் தபாலில் அனுப்ப முடியாது. ஆகவே பெட்டி உங்கள் வீட்டுக்கு வந்து சேரலாம், அதற்குரிய பெயின்ட் வராது. நான் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். உதிரிப்பாகக் கடைகளின் நடுவே வாகனப் பெயின்ட் கலந்து தரும் ஒரு கடையில், அக்காலத்து வொக்ஸ்வாகன் நிறங்களில் ஒன்றான ஜாவா கிரீனின் எல் 518 என்ற குறியீட்டைக் கொடுத்தேன். பெரியப்பாவின் கார் அந்தக் கரும்பச்சையில்தான் இருந்தது. கடைக்காரர் எந்த வாகனத்துக்கு என்று கேட்டார். உள்ளங்கையைக் காட்டி இவ்வளவுதான் ஐயா என்றேன். அவர் சிரிக்கவில்லை, மிகக் குறைந்த அளவில் கலந்து, மூடியில் ஒரு பொட்டு வைத்து உலரவிட்டு, வெயிலில் பிடித்து எனக்குக் காட்டிய பிறகே போத்தலை மூடினார்.

உண்மையான காருக்கான பெயின்ட்டை மாதிரிக் காருக்கு அடிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இரும்புத் தகட்டுக்காகச் செய்த அதன் தின்னர் பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு மிகவும் கடுமையானது. நான் முதலில் ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் நேரடியாக அடித்துப் பார்த்தேன். சில நிமிடங்களில் அதன் மேற்பரப்பு வற்றிய குளத்து மண் போல வெடித்துப் போயிற்று. அடுத்த கரண்டியில் அடிப்பூச்சான பிரைமரை மூன்று மெல்லிய படைகளாக அடித்து, ஒரு நாள் முழுதும் உலரவிட்டு, அதன் மேல் நிறத்தை நனைந்தும் நனையாததுமாக அடித்தபோது எந்தக் கேடும் வரவில்லை. காரின் உடலைத் தொடுவதற்கு முன் ஐந்து கரண்டிகளைச் செலவழித்தேன். கரண்டியின் முதுகு பீட்டிலின் கூரையைப் போலவே வளைந்திருப்பதால் பெயின்ட் எப்படி வழியும், எங்கே தேங்கும் என்பதையும் அது காட்டிக்கொடுத்தது.

இனி ஈரம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்பின் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனி போலப் படிந்து, உலராத பெயின்ட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. பளபளக்க வேண்டிய பச்சை, பால் தெளித்தது போல வெளுத்துவிடுகிறது. ஒக்டோபரில் ஒரு மழைக்கு முந்திய மாலையில் பொறுமை இழந்து முன் மூடியில் அடித்தேன். ஈரமானி அப்போது 86 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. அது கண்ணெதிரே வெளுத்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மட்டும் மிக மெல்லிய புகை போலத் தூவியபோது, சிக்கியிருந்த ஈரம் வெளியேறி நிறம் திரும்பியது. அதன் பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். ஈரமானி 70க்குக் கீழே இறங்காத நாளில் பெயின்ட் வேலை இல்லை. கொழும்பில் அப்படிப்பட்ட நாட்கள் தை, மாசி மாதங்களில்தான் தாராளமாகக் கிடைக்கின்றன. அப்போதும் காலை பத்து மணிக்குப் பிறகு, வெயில் சுவர்களைக் காய்ச்சிய பின்னரே தொடங்க வேண்டும். உடலின் கடைசிப் படைகளையும் தெளிந்த மேற்பூச்சையும் அதற்காகவே தை மாதம் வரை தள்ளிவைத்தேன்.

காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பிரசர் நம் ஊர்க் காற்றை அமுக்கும்போது அதிலிருந்து தண்ணீர் பிரிகிறது. குழாயில் நீர் பிடிக்கும் சிமிழ் இல்லாவிட்டால் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளி வந்து பொட்டென்று விழும். என் சிமிழில் அரை மணி நேர வேலைக்குள் அடி நனையும் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்தது. வாகனப் பெயின்ட்டின் ஆவி உடலுக்குக் கெடுதி. கரி வடிகட்டி உள்ள முகக்கவசம் அணிந்து, பல்கனிக் கதவைத் திறந்து, பிள்ளைகளை மறு அறைக்கு அனுப்பிய பின்னரே நான் அடித்தேன். இதில் யாரும் சலுகை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு அந்தப் பச்சையை மினுக்கித் துடைத்து எடுத்த மாலையில் மேசை விளக்கு முழுதாகக் கூரையில் விழுந்து தெரிந்தது. கதவுக் கோடுகள் கூர்மையாக நின்றன. என் மகள் தன் முகத்தை அதில் பார்த்துவிட்டு, “அப்பா, இது உண்மையான கார் பெயின்ட்டா?” என்று கேட்டாள். உண்மையான கார் பெயின்ட்தான் என்று சொல்ல முடிந்தது.

பம்பர்கள், சில்லு மூடிகள் போன்றவை குரோம் பூசிய சட்டத்தில் வருகின்றன. பூச்சு நன்றாக இருக்கிறது. சட்டத்திலிருந்து வெட்டும் இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுவதைத் தவிர்க்க முடியாது; குரோம் பேனாவால் தொட்டு மறைத்தேன். பசை குரோமில் பிடிக்காது, ஆகவே ஒட்டும் முகத்தைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். பக்கவாட்டில் ஓடும் வெள்ளிக் கோட்டுக்குப் பேனாவை நம்பாமல் ஒட்டும் அலுமினியத் தாளைப் பயன்படுத்தினேன். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அதைப் பல்குத்தியின் முனையால் அழுத்தி, புதிய கத்தி அலகால் இரு ஓரமும் வெட்டி, மிச்சத்தை உரித்து எடுக்கும்போது பச்சையின் மேல் ஒரு வெள்ளி இழை மட்டும் எஞ்சி நிற்கும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த கணம் அதுதான்.

உட்புறத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆசனங்கள், மிதிகள், கருவிப் பலகை எல்லாம் அளவாக இருக்கின்றன. கூரையை மூடிய பிறகு பாதி தெரியாது.

எஞ்சின் அப்படியல்ல. பின் மூடியைத் திறந்தால் விசிறிக் கூடும், ஜெனரேற்றரும், கார்புரேற்றரும் தெளிவாகத் தெரிகின்றன. மின்பொறிகளுக்கான வயர்கள் பெட்டியில் இல்லை. பழைய தொலைபேசிச் சார்ஜரை அறுத்து அதன் மெல்லிய இழைகளால் அவற்றை நானே இட்டேன். ஜெனரேற்றரைச் சுற்றும் பெல்ட்டைப் பளபளப்பில்லாத கறுப்பில் தனியாகத் தீட்டினேன். கார் முடிந்த பிறகு பெரியப்பாவிடம் எடுத்துச் சென்றபோது, அவர் கூரையையோ நிறத்தையோ பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பின் மூடியைத் திறந்தார்.

“தம்பி, பெல்ட் இருக்கா? பெல்ட் இல்லாட்டில் இந்தக் கார் ஒரு கட்டையும் போகக்கூடாது.”

அவர் சொன்னது சரி. ஜெனரேற்றரை ஓட்டும் அதே பெல்ட்தான் குளிரூட்டும் விசிறியையும் சுழற்றுகிறது. தண்ணீர்த் தொட்டி இல்லாத எஞ்சினுக்கு அந்த விசிறியே உயிர். மதவாச்சிக்கு அப்பால் ஒரு தடவை அது அறுந்து, சிவப்பு விளக்கு எரிந்ததும் அவர் உடனே எஞ்சினை நிறுத்தியதையும், மாற்றுப் பெல்ட்டை முன் மூடிக்குள் வைத்திருந்ததையும் எனக்கு மறுபடி சொன்னார்.

பெட்டியில் வரும் இலக்கத்தகடுகள் ஜெர்மனியைச் சேர்ந்தவை. இலங்கையில் 1966இல் பதிவான காரின் தகட்டில், கறுப்புப் பின்னணியில் வெள்ளை இலக்கங்களும் அவற்றின் நடுவே சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தும் இருக்கும். அந்த ஓர் எழுத்தின் பொருட்டு 1950களின் இறுதியில் இந்த நாட்டில் நடந்த தமிழர்களின் போராட்டங்களையும் கலவரங்களையும் கண்டவர்களுக்கு அது வெறும் எழுத்தல்ல; பெரியப்பாவும் அதைப் பற்றி ஒருபோதும் இலகுவாகப் பேசியதில்லை. இருந்தாலும் கார் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதால், பழைய படத்தைப் பார்த்து நானே தகட்டை அச்சிட்டேன். வீட்டு அச்சு இயந்திரம் வெள்ளை நிறத்தை அச்சிடாது. ஆகவே தண்ணீரில் நனைத்து ஒட்டும், வெள்ளைப் பின்புலமுள்ள டெக்கால் தாளில் கறுப்பை மட்டும் அச்சிட்டு, எழுத்துகளை வெறுமையாக விட வேண்டும். தண்ணீரில் இடுவதற்கு முன் தெளிந்த பூச்சு அடிக்காவிட்டால் மை கரைந்து ஓடிவிடும்.

முன்பு ஓரிரு எளிய மாதிரிகளையாவது கட்டிப் பழகியவருக்கு இதைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். முதன்முதலாகத் தொடங்குகிறவர் வாங்கினாலும் ஒட்டும் வேலையில் தோற்க மாட்டார். பெயின்ட்டுக்குத்தான் கரண்டிகளும் காத்திருப்பும் தேவைப்படும். வாங்க நினைப்பவர்கள் சித்திரை அளவில் தருவித்து, மழைக்காலத்தில் அடித்தளத்தையும் எஞ்சினையும் தூரிகையால் தீட்டி முடித்து, உடலைத் தை மாதத்துக்கு வைத்துக்கொண்டால் நான் பட்ட அவதி அவர்களுக்கு இருக்காது. செலவைக் கணக்கிடும்போது காரின் விலையோடு ஈரமானிக்கும் முகக்கவசத்துக்கும் இடம் ஒதுக்குங்கள்.

கார் இப்போது கண்ணாடி அலுமாரியில், நேர் வெயில் படாத தட்டில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. பதினான்கு மாதங்களாகிவிட்டன. கடற்காற்றுக்குக் குரோம் மங்கவில்லை, பச்சையும் வெளுக்கவில்லை. பின் இலக்கத்தகட்டின் ஓர் ஓரம் மட்டும் சென்ற வைகாசி மழையில் சற்றே எழும்பியிருந்தது. மென்மையாக்கும் திரவத்தைத் தூரிகையால் தொட்டு அழுத்தி, மறுபடி படிய வைத்தேன்.